பாலையடியில் கிடக்கும் மூன்று கற்கள் அடுப்பல்ல

அனுப்புநர்:
திருமதி பொன்னம்பலம் ஜெகதீஸ்வரி (வயது 73),
மூன்றாம் மாடி, இடதுபக்கக் கதவு,
லாச்சப்பல், 75018 பாரிஸ், பிரான்ஸ்.
(முன்னைய வதிவிடம்: பெரியபாலைக்குளம், கொண்டல்வெளிப் பிரிவு)

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
கொண்டல்வெளி, இலங்கை.

விடயம்: பெரியபாலைக்குளம் – சங்குக்கேணி இடம்பெயர்வுப் பாதை நடைபயணத்தின் ஆறாம் தரிப்பிடத்தை அகற்றுதல், அங்குள்ள மூன்று கற்களைப் பழைய இடத்தில் வைத்தல், நடைபயணத்துக்கு ஒழுங்குவிதி அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 2009ஆம் ஆண்டு மாசி மாதம் 21ஆம் திகதி, சனிக்கிழமை காலை, பாலையடியில் என் பேரன் ஐங்கரனைப் புதைத்தபோது நின்றவர்கள் பின்வருமாறு. என் கணவர் பொன்னம்பலம். கிடங்கு வெட்டியவர் அவர். 2013இல் வவுனியாவில் மோசம் போய்விட்டார். பக்கத்து வளவு மரியமலர். கோயிலுக்குப் போடும் தன் வெள்ளை முக்காட்டைப் பிள்ளையைச் சுற்றத் தந்தவர். 2009 சித்திரையிலேயே அவரும் செத்துப்போய்விட்டார், எந்த இடத்தில் என்று சொல்ல ஆளில்லை. உழவு இயந்திரக்காரர் தவரத்தினம். உயிரோடு உங்கள் பிரிவில் இருக்கிறார். நான். ஐம்பது யார் தூரம் தள்ளி, தறப்பாளின் கீழ், வயிற்றிலும் தொடையிலும் காயப்பட்டு நினைவில்லாமல் கிடந்த என் மகள் யோகராணி, பிள்ளையின் தாய். ஐங்கரன், வயது மூன்று வருடம் இரண்டு மாதம். அவனையும் நின்றவர்களோடு சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஐயர் இல்லை. நாய் ஒன்று நின்றது, அதை என் கணவர் இரண்டு தரம் துரத்தினார். வேறு ஒருவரும் இல்லை.

2. பிள்ளையைக் கொன்றது யார் அடித்த செல் என்று இம்மனுவில் நான் எழுதவில்லை. அது உங்கள் கந்தோரால் முடிகிற காரியம் அல்ல. உங்கள் கந்தோரால் முடிகிற காரியத்தை மட்டும் கேட்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கு மேல் விடாதவர் என் சித்தப்பா. அவர் செத்து நாற்பது வருடமாகியும் நான் அதை விடவில்லை. இதில் எழுத்துப் பிழை இருந்தால் அதற்கு அவரே பொறுப்பு.

3. பாலையடி முழுக்க மணல். கல் என்ற சாமானே அங்கே கிடையாது. இதைத் தெரிந்துதான் பெரியபாலைக்குளத்தால் வெளிக்கிடும்போது எங்கள் அடுப்புக்கல் மூன்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினேன். ஒவ்வொரு இடத்திலும் இறக்கி, சமைத்து, ஆறவைத்து, திரும்ப ஏற்றுவோம். அப்படி ஐந்து இடம் மாறினோம். அன்று பிள்ளையை மூடிய பிறகு அந்த நாய் திரும்ப வந்தது. மேலே வைக்கப் பாரமாக எங்களிடம் இருந்தது அந்த மூன்று கற்கள்தான். தவரத்தினமும் என் கணவரும் தூக்கி வந்து வைத்தார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்கம் கரி பிடித்திருக்கும். அதன் பிறகு நாங்கள் மண்ணைத் தோண்டித்தான் நெருப்பு மூட்டினோம்.

4. இப்போது அந்தப் பாதையில் நடைபயணம் நடக்கிறது. இங்கே பிரான்சில் இருக்கும் ‘காலடி’ என்ற குழு ஆவணி மாதத்தில் ஆட்களைக் கூட்டிப்போகிறது. மூன்று நாள், இருபத்திரண்டு கிலோமீற்றர், பத்துத் தரிப்பிடம். நடக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. பிறகு பிறந்த பிள்ளைகள் நடக்கத்தான் வேண்டும். செருப்போடு நடந்தாலும் நடக்கட்டும், தொப்பியோடு நடந்தாலும் நடக்கட்டும். ஆனால் போன வருடம் முப்பத்தெட்டுப் பேர் ஒரே அடியாகப் போயிருக்கிறார்கள். மிதிவெடி எடுத்து முடியாத பக்கத்துக்கு நட்ட வெள்ளைத் தடியைத் தாண்டி இரண்டு பேர் ஒதுங்கப் போயிருக்கிறார்கள். தலைக்கு மேல் படம் எடுக்கிற யந்திரம் பறந்து மாடுகள் கலைந்திருக்கின்றன. தண்ணீர்ப் போத்தல்களைச் சங்குக்கேணியில் இருக்கும் பிலோமினா, மரியமலரின் தங்கை, நான்கு உரப்பையில் பொறுக்கினாளாம். மணலில் பாதி தெரிந்த ஒரு பிள்ளையின் செருப்பை ஒருவர் ஞாபகத்துக்கு என்று பாரிசுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்திருக்கிறார். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இப்போதைக்கு எழுதவில்லை. செருப்பு திரும்பிப் போனால் எழுதவே மாட்டேன்.

5. இந்த வருடம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லாச்சப்பலில் ஒரு மண்டபத்தில் போன வருடப் பயணத்தின் படத்தைத் திரையில் போட்டார்கள். எனக்கு முன்வரிசையில் கதிரை தந்தார்கள். பக்கத்தில் யோகராணி. ஆறாம் தரிப்பிடம் வந்தது. பாலைமரம் தெரிந்தது. மரத்துக்கு முன்னால் என்னுடைய மூன்று கற்கள், அவற்றுக்கு மேல் பெரிய கஞ்சிப் பானை, கீழே நெருப்பு, நெருப்பைத் தள்ளிக்கொண்டு தவரத்தினம். சுற்றிவர முப்பத்தெட்டுப் பேர் சிரட்டையில் கஞ்சி குடித்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. அதில் பானையின் படம். குழுவை நடத்துகிற தர்மிளா, பாரிசுக்குப் பக்கத்துப் பொண்டியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒலிவாங்கியோடு ஓடிவந்து, “அம்மம்மா, பாருங்கோ, உங்கடை அடுப்பு! பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு திரும்ப எரியுது!” என்றாள். மண்டபம் கைதட்டியது. யோகராணியும் கைதட்டினாள். எனக்கு ஒரு காது அடைத்துவிட்டது, அது இன்னும் திறக்கவில்லை. வைத்தியர் வயது என்கிறார்.

6. தவரத்தினத்தோடு நான் பதினாறு வருடம் பேசியதில்லை. பெரியபாலைக்குளத்தில் வைத்து என் அலுமாரிக்குப் பெட்டியில் இடமில்லை என்று சொல்லிவிட்டுத் தன் இரண்டு ஆட்டையும் ஏற்றியவர். ஆனாலும் அடுத்த நாள் காலை அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் சொல்லாக எதைக் கேட்டேன் என்று இம்மனுவில் எழுத முடியாது. அவர் நான் கத்தி முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்: “அக்கா, தர்மிளாப் பிள்ளை இஞ்சை வந்து உந்தக் கல்லு என்னெண்டு கேட்டது. நான் வாய் திறக்கேல்லை. லாச்சப்பலிலை ஜெகதீஸ்வரி அக்கா இருக்கிறா, அவவைக் கேள் எண்டு விட்டனான். நீங்கள் அடுப்பெண்டு சொல்லிப்போட்டியள். பிறகு நான் முப்பத்தெட்டுப் பேருக்கு முன்னாலை உங்களைப் பொய்காரி ஆக்கிறதோ?”

7. இன்னொன்றும் சொன்னார். அதற்காகத்தான் இம்மனுவை முக்கியமாக எழுதுகிறேன். “அவனுக்கு மேலை நெருப்பு மூட்ட என்ரை கை போகேல்லை அக்கா. அவையள் வர முந்தி விடியவே போய், மூண்டு கல்லையும் தூக்கி, பாதைப் பக்கமாத் தள்ளி வைச்சனான்.” எவ்வளவு தள்ளி என்று கேட்டேன். நடந்தால் பதினைந்து எட்டு இருக்கும் என்றார். அவர் நல்லதற்குத்தான் செய்தார், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல் போனதும் பிள்ளைக்கு மேலிருந்த இடம் வெறும் சமதரை ஆகிவிட்டது. அந்தப் படத்தை நான் திரும்பத் தர்மிளாவின் தொலைபேசியில் ஒன்பது தரம் பார்த்தேன். அந்தச் சமதரையில் நீலநிறக் கூடாரம் ஒன்று நிற்கிறது. ஒரு பெட்டை சிரித்துக்கொண்டு அதற்கு ஆணி அடிக்கிறாள். நான்கு மூலைக்கும் நான்கு ஆணி. அந்த ஆணிகளின் நீளம் எனக்குத் தெரியாது. கிடங்கின் ஆழம் தெரியும்: இரண்டரை அடி. மண்வெட்டிக்குப் பிடி இல்லை. அதற்கு மேல் என் கணவரால் வெட்ட முடியவில்லை.

8. ஆக, அடுப்பு என்று சொன்னது யார் என்று நீங்கள் விசாரித்தால் அது நான்தான். 2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், எங்கள் வீட்டுக் குசினியில் வைத்துச் சொன்னேன். தர்மிளாவும், பாதைப் படம் கீறுகிற அவளுடைய சிநேகிதி ஆனைஸ் என்ற பிரெஞ்சுப் பிள்ளையும் வந்திருந்தார்கள். யோகராணி எனக்கு எதிரே இருந்து லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். தர்மிளா தொலைபேசியில் படத்தைக் காட்டி, “இந்த மூண்டு கல் என்ன அம்மம்மா? கறுப்பா இருக்கு” என்றாள். யோகராணி கத்தியை நிற்பாட்டித் தலையை நிமிர்த்தினாள். நான், “அடுப்பு. அதிலைதான் கஞ்சி வைச்சனாங்கள்” என்றேன். அவள், “எனக்கு அப்பிடி ஒரு இடம் ஞாபகம் இல்லையே அம்மா” என்றாள். “நீ காயத்திலை கிடந்தனீ, உனக்கென்ன தெரியும், நீ அரி” என்று ஏசினேன். ஆனைஸ் தன் கொப்பியில் பானை ஒன்று கீறினாள். அந்தப் பானைதான் இப்போது உங்கள் பிரிவில் பலகையாக நிற்கிறது.

9. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதாவிட்டால் மனு முழுமையாகாது. பிள்ளையைப் புதைத்து நான்காம் நாள் காயக்காரரை ஏற்றக் கப்பல் வந்தது. யோகராணிக்கு அப்போது நினைவு திரும்பியிருந்தது. தூக்கப் போனவர்களை அவள் விடவில்லை. இரண்டு கையாலும் மணலைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை எங்கை, பிள்ளை இல்லாமல் நான் ஏறன்” என்றாள். காயம் மணக்கத் தொடங்கிவிட்டது. கப்பல் நிற்காது. நான் குனிந்து அவளுடைய காதுக்குள், “அவனை முந்தின கப்பலிலை ஏத்திப்போட்டம். அங்கை ஆசுப்பத்திரியிலை நிக்கிறான். நீ போய் அவனை எடு” என்றேன். கையை விட்டாள். ஏறினாள். அதனால்தான் உயிரோடு இருக்கிறாள். அந்த ஒரு பொய்க்காக நான் வருத்தப்படவில்லை. அடுத்த கிழமை சொல்லியிருக்கலாம். முகாமில் சந்தித்தபோது சொல்லியிருக்கலாம். என் கணவர் சாகும்போது, “இனியாவது பெட்டையிட்டைச் சொல்லு” என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். தலையை ஆட்டினேன். சொல்லவில்லை.

10. பதினாறு வருடமாக என் மகள் பிள்ளையைத் தேடுகிறாள் ஐயா. ஆசுப்பத்திரிகளுக்கு எழுதினாள். பிள்ளைகள் இல்லங்களுக்கு எழுதினாள். காணாமல் போனோரைப் பதிகிற எல்லா இடத்திலும் ஐங்கரன் என்ற பெயர் பதிவில் இருக்கிறது. உங்கள் கந்தோரிலும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வந்தபின் பிறந்த சாம்பவிக்கு, “உனக்கு அண்ணை ஒருத்தன் இருக்கிறான்” என்று சொல்லி வளர்த்திருக்கிறாள். சாம்பவியும் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் கீறினால் அண்ணனைக் கீறுவாள். வருடாவருடம் மாசி 21இல் நான் அடுப்பு மூட்டுவதில்லை. பச்சைத் தண்ணீரோடு இருந்துவிடுவேன். அதை அவர்கள் ஏதோ விரதம் என்று நினைத்திருக்கிறார்கள்.

11. மண்டபத்தில் அந்தப் படம் பார்த்த அன்றே யோகராணி இந்த வருடப் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஆவணி 9ஆம் திகதி வெளிக்கிடுகிறார்கள். பாதை வழியே வீடு வீடாகப் பிள்ளையைக் கேட்கப் போகிறாளாம். அதற்காக ஆனைஸ் ஐங்கரனின் மூன்று வயதுப் படத்தை வைத்து, பத்தொன்பது வயதில் எப்படி இருப்பான் என்று கீறிக் கொடுத்திருக்கிறாள். மெல்லிய மீசை. என் கணவரின் மூக்கு. அதை யோகராணி நூறு பிரதி அடித்து வீட்டு மேசையில் வைத்திருக்கிறாள். நான் அந்த மேசையில்தான் சாப்பிட வேண்டும். இவள் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆறாம் தரிப்பிடத்தில் இருந்து, அந்தக் கற்களில் காய்ச்சிய கஞ்சியைக் குடிப்பாள். பிறகு கூடாரத்தில் படுப்பாள். எந்த இடத்தில் கூடாரம் அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் அங்கே சமதரை.

12. நான் நேரில் வந்து இடத்தைக் காட்ட முடியாது. யோகராணிக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்துவிட்டது, என்னிடம் இருப்பது அகதிக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். உலகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக் கூடாது என்று அதில் அடித்திருக்கிறார்கள். தவரத்தினத்துக்கு இருதயத்தில் அடைப்பு. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு ஏதும் நடந்தால் இடம் தெரிந்த ஆள் நான் மட்டும். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்: கிளை முறிந்த பாலைமரத்தின் அடியில் முதுகை வைத்து நிற்க வேண்டும். கடலேரிப் பக்கமாக இருபத்தொரு எட்டு. பிறகு வலது கைப்பக்கம் ஒன்பது எட்டு. ஆண்களின் எட்டு அல்ல, என்னுடையது. நான் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. தலைமாடு மரத்தின் பக்கம்.

13. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து ஆவணி 9ஆம் திகதிக்கு முன்பாக:

அ) பானைப் பலகையைப் பிடுங்கி, ஆறாம் தரிப்பிடத்தைப் பாதைப் படத்திலிருந்து எடுக்கச் சொல்லவும்.

ஆ) கிராம அலுவலரையும் தவரத்தினத்தையும் பிலோமினாவையும் ஒன்றாக அனுப்பி, மேலே எழுதியபடி அளந்து, மூன்று கற்களையும் பழைய இடத்தில் வைப்பிக்கவும். கரிப்பக்கம் கீழே இருக்கட்டும். சுற்றிவரக் கயிறாவது கட்டவும். தோண்டுவதா இல்லையா என்பது சட்டமும் பிள்ளையின் தாயும் முடிவு செய்ய வேண்டியது. எனக்கு அதில் சொல் இல்லை.

இ) பாலையடி மணலில் கூடாரம், நெருப்பு இரண்டையும் தடைசெய்யவும். தங்குவதற்குச் சங்குக்கேணிப் பள்ளிக்கூட வளவு இருக்கிறது, கிணறும் இருக்கிறது.

ஈ) ஒரு தரத்தில் இருபது பேருக்கு மேல் விட வேண்டாம். ஊராள் ஒருவர் முன்னுக்கும் ஒருவர் பின்னுக்கும் போகவேண்டும். வெள்ளைத் தடிக்கு அப்பால் போகிறவரை அன்றே திருப்பி அனுப்பவும். கொண்டுபோகும் போத்தலைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். நிலத்தில் கிடக்கும் எதையும், கல்லோ செருப்போ, எடுக்கவும் கூடாது, இடம் மாற்றவும் கூடாது.

உ) ஓர் இடத்துக்குப் பெயர் வைக்கும் முன், அதைச் சொன்ன ஆளை இரண்டாம் தரம் தனியாகக் கேட்க வேண்டும் என்று விதி எழுதவும். முதல் தரம் பக்கத்தில் யார் இருந்தார் என்று பார்த்துத்தான் ஆட்கள் சொல்லுவார்கள். தர்மிளா நல்ல பிள்ளை. என்னைத் தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. ஆனால் அவள் கேட்கவில்லை.

14. இம்மனுவை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். இரண்டும் என் கையெழுத்து. ஒன்று நாளைக் காலை ரெக்கமாந்தே என்று இங்கே சொல்லும் பதிவுத் தபாலில் உங்களுக்கு வரும். மற்றது யோகராணிக்கு. அவள் ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை முடிந்து நாலரைக்கு வருவாள். தேத்தண்ணி குடித்த பிறகு நானே அவளுக்கு வாசிப்பேன். வாசித்து முடிய என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எது நடந்தாலும் உங்களுக்குரிய பிரதியை நான் திரும்ப எடுக்க மாட்டேன். பிறகு என்றாவது அவள் உங்கள் கந்தோருக்கு வந்து நின்றால், முதலில் இருக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் பந்தியில் உள்ள எட்டுக் கணக்கை அவளிடம் கொடுங்கள். அவளும் என் உயரம்தான். அவளே நடந்து போகட்டும்.

15. மனிதரை மன்னிப்பதில் நான் கெட்டிக்காரி அல்ல, இதை வாசித்த உங்களுக்கே விளங்கியிருக்கும். என்றாலும் விசாரணை செய்கிறவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். தவரத்தினத்தை மன்னித்துவிட்டேன், இரண்டு ஆடுகளையும் சேர்த்து. தர்மிளாவை மன்னித்துவிட்டேன். பானை கீறிய ஆனைசையும், ஆணி அடித்த பெட்டையையும் மன்னித்தேன், அவர்கள் அறியார்கள். செல் அடித்தவனைப் பற்றி இரண்டாம் பந்தியில் சொல்லியாகிவிட்டது. நான் மன்னிக்காத ஆள் ஒருவர் மிச்சம் இருக்கிறார். எல்லாம் தெரிந்திருந்தும் தாய்க்கு முன்னால் அதை அடுப்பு என்று சொன்ன ஆள். அவருடைய பெயரைக் கீழே ஒப்பமாக வைத்திருக்கிறேன்.

இடம்: லாச்சப்பல், பாரிஸ்
திகதி: 02.06.2025

பொன்னம்பலம் ஜெகதீஸ்வரி